பூசணிக்காய் உடைத்தது நான்தான்

அன்றைக்கு செட்டில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். டைரக்டர் இருந்தார். புரொடக்‌ஷன் மேனேஜர் இருந்தார், கையில் இரண்டு போன். அம்மா வேஷம் போடுகிறவர் கணுக்காலில் கட்டோடு நாற்காலியில் இருந்தார். அப்பா வேஷம் போடுகிறவர் நீலக் கட்டம் போட்ட சட்டையைக் கழற்றாமல் நின்றார். டீ கொடுக்கிற ஸ்பாட் தாதா இருந்தார். சேனலில் இருந்து வாராவாரம் வருகிற பெண், லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக இருந்தாள். மேலே, விளக்குகள் கட்டிய பலகையில், லைட்மேன் இருந்தார். அது எனக்குத் தெரியாது. பிறகு நான். என் கையில் தடியங்காய்.

தடியங்காய் என்பது எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. மற்றவர்கள் வெள்ளைப் பூசணி என்பார்கள். மராட்டிக்காரர்கள் கோஹளா என்பார்கள். காய் ஒன்றுதான்.

நான் அந்த சீரியலில் டிரெஸ் தாதா. துணியைத் துவைக்கக் கொடுத்து, இஸ்திரி போட்டு, எந்த சீனுக்கு எது என்று எடுத்து வைக்கிற வேலை. பம்பாயில் தாதா என்றால் அண்ணன். ஊருக்குப் போயிருந்தபோது ஒரு சொந்தக்காரர் என்ன வேலை என்று கேட்டார். டிரெஸ் தாதா என்றேன். அவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

தாராவியில் இருந்து சயான் ஸ்டேஷன் வரை நடை. குர்லாவில் வண்டி மாறி கோவண்டி. அங்கிருந்து தேவ்நார் பக்கம் ஷேர் ஆட்டோ. பழைய கம்பெனிக் கட்டடம் ஒன்றை ஸ்டூடியோ ஆக்கியிருந்தார்கள். பதினோரு வருஷம் அதே வழி, அதே சீரியல்.

ஹிந்தியில் சிரிப்பு சீரியல். அப்பா, அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மருமகள். தினமும் அந்த வீட்டில் ஒரு குழப்பம் வரும். அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அப்பாவுக்கு எப்போதும் நீலக் கட்டம் போட்ட சட்டைதான். தூங்கினாலும் அதே சட்டை. ஜனங்களுக்கு அது அடையாளம். ஒரு சமயம் அந்தத் துணி கடையில் வருவது நின்றுபோனது. கட்டம் கொஞ்சம் பெரிதாக இருக்கிற துணியை எடுத்து, தாராவியில் கொடுத்து ஏழு சட்டை தைத்தேன். டைரக்டர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. நாக்பூரில் இருந்து ஒருவர் மட்டும் எழுதிக் கேட்டிருந்தார், அப்பா ஏன் சட்டையை மாற்றிவிட்டார், வீட்டில் ஏதாவது சண்டையா என்று. அந்த அளவுக்குப் பார்த்தார்கள்.

வியாழக்கிழமை நம்பர் வரும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்கிற நம்பர். எனக்கு அந்தக் கணக்கு புரியாது. மேனேஜர் முகத்தைப் பார்ப்பேன். பதினோராவது வருஷத்திலும் அவர் முகம் நன்றாகத்தான் இருந்தது. முதல் இடம் இல்லை. ஆனால் கீழேயும் இல்லை.

ஒரு வியாழக்கிழமை நம்பர் கொஞ்சம் ஏறியது. மேனேஜர் எல்லாருக்கும் சமோசா வாங்கினார். அடுத்த வாரமே அம்மா வேஷக்காரர் செட்டுப் படியில் வழுக்கி விழுந்தார். மறுநாள் ஒரு பெரிய பல்ப் வெடித்தது. அதற்கு மறுநாள் மருமகள் வேஷக்காரிக்குக் காய்ச்சல். நஜர் பட்டுவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். கண்திருஷ்டியைத்தான் அப்படிச் சொல்வார்கள். திருஷ்டிக்கு எனக்கு ஒரே மருந்துதான் தெரியும். நான் கொண்டுவருகிறேன் என்று சொன்னேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கினேன். சமையலுக்கா, உடைக்கவா என்று கடைக்காரர் கேட்டார். உடைக்க என்றேன். ஒரு பக்கம் அடிபட்ட காயாகப் பார்த்துக் கொடுத்தார்.

மேலே வட்டமாக வெட்டி, உள்ளே குங்குமம் கொட்டி, சில்லறை போட்டு, கற்பூரம் ஏற்றினேன். சீரியல் வீட்டின் ஹாலை மூன்று சுற்று சுற்றினேன். அது பிளைவுட் வீடுதான். ஆனாலும் அம்மா வேஷக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வாசலில் உடைத்தேன். நன்றாகச் சிதறியது.

அப்போதுதான் மேலே இருந்து சத்தம் வந்தது.

"ஐயையோ! அண்ணாச்சி! இன்னா காரியம் பண்ணிட்ட நீ!"

லைட்மேன். சென்னைக்காரர். அங்கே சினிமாவில் பல வருஷம் விளக்குப் பிடித்துவிட்டு, ஒரு படத்துக்காக பம்பாய் வந்து, தாராவியில் கல்யாணம் முடித்து இங்கேயே தங்கிவிட்டவர்.

"என்னவே ஆச்சு?" என்றேன்.

"பூசணிக்கா படம் முடிஞ்சாத்தான்யா ஒடைப்பாங்க! கடசி ஷாட்டு எட்துட்டு! ஓடிக்கினு கீற ஒண்ணுக்கு எவனாவது ஒடைப்பானா?"

எனக்குத் தெரியாது. எங்களுக்குத் தடியங்காய் என்றால் வீட்டுக்கு, கடைக்கு, புது வண்டிக்கு. ஷூட்டிங் முடிந்தால் உடைப்பது சென்னை சினிமாக்காரர்கள் வழக்கமாம். நான் சென்னையைப் பார்த்ததே இல்லை. எங்கள் ரயில் அந்தப் பக்கம் போகாது.

டைரக்டர் ஹிந்தியில் கேட்டார். "அண்ணா, அவன் என்ன கத்துகிறான்?"

"ஒன்றுமில்லை சாப். நன்றாக உடைந்திருக்கிறது என்கிறார்."

டைரக்டர் தலையாட்டினார். சேனல் பெண் லேப்டாப்புக்குள் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. இருமல் என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து மேனேஜர் எல்லாரையும் ஹாலுக்குக் கூப்பிட்டார். இந்த மாதத்தோடு சரி என்றார். மூடுகிறார்கள்.

அப்பா வேஷக்காரர் நம்பர் விழுந்துவிட்டதா என்று கேட்டார்.

"நம்பர் டீக் ஹை," என்றார் மேனேஜர். நன்றாகத்தான் இருக்கிறது.

"பிறகு ஏன்?"

"சேனல் முடிவு."

அவ்வளவுதான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் தெரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது. கதை எழுதுகிறவருக்கும் எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. முடிகிற கதை இல்லை அது. கடைசி எபிசோடில் அப்பா மூக்குக் கண்ணாடியைத் தேடினார். கிடைத்தது. எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

அன்றைக்கு லைட்மேன் தடியங்காய் விஷயத்தை ஹிந்தியில் எல்லாருக்கும் சொன்னார். சிரிப்பு வருகிற மாதிரிதான் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஸ்பாட் தாதா மட்டும் சிரிக்கவில்லை. "பனோத்தி" என்றார்.

அந்த வார்த்தைக்குத் தமிழில் ராசியில்லாதவன் என்று சொல்லலாம். ஆனால் ராசியில்லாதவன் என்றால் அவனுக்குத்தான் கெடுதல். பனோத்தி என்றால் பக்கத்தில் நிற்கிறவனுக்கும்.

டிரெஸ் வேலைக்கு விளம்பரம் கிடையாது. தெரிந்தவர் தெரிந்தவருக்குச் சொல்வார், போன் வரும். பதினோரு வருஷம் ஒரே செட்டில் இருந்தவனுக்கு ஒரு வாரத்தில் வரவேண்டும். வந்தது. திங்கட்கிழமை வா என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போன். "அண்ணா, நீதானே அந்தக் கத்தூவாலா?" ஹிந்தியில் பூசணிக்காயைக் கத்தூ என்பார்கள். ஆமாம் என்றேன். ஆள் கிடைத்துவிட்டது என்று வைத்துவிட்டார். இப்படி மூன்று இடம். எனக்கு ஐம்பத்தாறு வயது. வேறு வேலை தெரியாது.

வீட்டில் சொன்னேன்.

"அத்தன பேரு இருக்கயில நீங்கதான் போய் உடைக்கணுமாக்கும்?" என்றாள் மனைவி.

"நல்லதுக்குத்தான உடைச்சேன்."

"நல்லதுக்குத்தான். யாரு இல்லன்னு சொன்னா? இப்பம் அது எதுனால நின்னுச்சு?"

"தெரியல."

"தெரிஞ்சவங்ககிட்ட எழுதி வாங்குங்க. ரேஷன் கார்டுல உங்க பேரு தப்பா இருந்தப்பம் எத்தன பேரு வாயால சொன்னோம்? கேட்டானா? தாள்ல எழுதி சீலு வச்சிக் குடுத்தப் பொறவுதான கேட்டான்."

எனக்கு அது சரியென்று பட்டது. ஒரு தாள். இன்ன காரணத்தால் நிறுத்தினோம், பூசணிக்காயால் இல்லை என்று. போன் போடுகிறவர்களுக்கு அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம்.

சேனல் பெண்ணின் போன் நம்பர் என்னிடம் இருந்தது. ஹிந்தியில் பேசினேன். அந்தப் பக்கம் இருந்து தமிழ் வந்தது.

"சனிக்கிழமை கார்த்தால மாட்டுங்கா வாங்கோ அங்கிள். நான் கோவிலுக்கு வருவேன்."

கோவில் பக்கத்துப் பூக்கடைகளுக்கு முன்னால் நின்றேன். வந்தாள். நெற்றியில் சந்தனம், தோளில் ஆபீஸ் பை. ஒரு ஹோட்டலில் உட்கார்ந்தோம். இரண்டு காபி சொன்னாள்.

"தமிழ் தெரியும்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"டைரக்டருக்கு நீங்க சொன்ன ட்ரான்ஸ்லேஷனைக் கேட்டப்புறம் எப்படிச் சொல்லுவேன்? சிரிப்பை அடக்கறதே பெரும்பாடா போச்சு."

"எனக்கு ஒரு லெட்டர் வேணும்மா."

"என்ன லெட்டர்?"

"சீரியல் பூசணிக்காய்னால நிக்கலன்னு. சேனல் தாள்ல. சீல் இருந்தா நல்லது."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நிறுத்திக்கொண்டாள்.

"அதையெல்லாம் யார் அங்கிள் நம்பறா?"

"நம்புதாங்கம்மா. மூணு செட்டுல வேண்டாம்னுட்டாங்க."

டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள்.

"பாக்கறா. நெறைய பேர் பாக்கறா. ஆனா யார் பாக்கறான்னு ஒண்ணு இருக்கோல்லியோ? நம்ம ஷோவைப் பாக்கறவா பாதிப் பேர் வயசானவா. அவாளுக்கு முட்டிவலித் தைலம்தான் விக்க முடியும். ஃபோன் விக்கறவன், பைக் விக்கறவன் நம்ம ஷோவுக்கு விளம்பரம் தரமாட்டேங்கறான்."

"வயசானவங்க ஃபோன் வாங்க மாட்டாங்களாம்மா?"

"வாங்கினா ஆறு வருஷம் வெச்சுக்கறாளே."

என் போன் சட்டைப் பையில் இருந்தது. ஏழாவது வருஷம்.

"அப்ப அதுனாலதான் நிறுத்துனாங்க."

"அதனாலயும். பதினோரு வருஷம் ஆச்சா, ஆக்டர்ஸ் எல்லாருக்கும் வருஷா வருஷம் ரேட் ஏறும். செட் வாடகை ஏறும். விளம்பர ரேட் அப்படியே நிக்கும். புதுசா நாலு பசங்களைப் போட்டா பாதிச் செலவு."

"அப்ப செலவுதான்."

"செலவும்தான். இன்னொண்ணு கேளுங்கோ. பழைய எபிசோடெல்லாம் ரெண்டாயிரத்துக்கு மேல கெடக்கு. ஜனங்க ஃபோன்ல அதையேதான் திருப்பித் திருப்பிப் பாக்கறா. புதுசைவிடப் பழசுக்குக் கூட்டம். பழசை ஓட்ட ஷூட்டிங் வேண்டாம்."

"இஸ்திரியும் வேண்டாம்."

"ம்."

நான் யோசித்தேன். ஜனங்களுக்குப் பிடித்திருக்கிறது. பிடித்ததால் பழசையே பார்க்கிறார்கள். பழசையே பார்ப்பதால் புதுசு வேண்டாம் என்று நிறுத்தினார்கள். மறுபடியும் முதலில் இருந்து யோசித்தேன். அதே இடத்துக்குத்தான் வந்தது.

"புடிச்சதுனால நிறுத்திட்டாங்களாம்மா?"

"அப்படியும் சொல்லலாம்." குரலைத் தாழ்த்தினாள். "நெஜமா சொன்னா, புது பாஸ் வந்திருக்கார். இது பழைய பாஸ் ஆரம்பிச்ச ஷோ. நன்னா ஓடினாலும் பேர் அவருக்குத்தான் போகும்."

"இவ்வளவுல எதும்மா காரணம்? ஒண்ணு சொல்லுங்க. ஒண்ணு போதும்."



"அந்த மீட்டிங்ல நானும் இருந்தேன் அங்கிள். நம்ம ஷோ பேர் வந்தது. ஒருத்தர், 'இது போதும்னு தோணறது'ன்னார். மத்தவா தலையாட்டினா. அடுத்த ஷோவுக்குப் போயிட்டா. ரெண்டு நிமிஷம் இருக்கும். காரணமெல்லாம் அப்புறம்தான் கேட்டா. நான்தான் ஒக்காந்து எழுதினேன். இப்போ உங்ககிட்ட சொன்னதெல்லாம் நான் எழுதினதுதான்."

"அப்ப அவருக்கு ஏன் போதும்னு தோணுச்சு?"

"அது தெரியாது."

அவருக்கு ஏன் தோன்றியது என்று யாருக்கும் தெரியாது. அப்படியென்றால் தடியங்காய் இல்லை என்று எப்படிச் சொல்வது? இந்த யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வந்துவிட்டது.

"பூசணிக்காய் இல்லன்னு மட்டும் எழுதிக் குடுங்கம்மா. வேற ஒண்ணும் வேண்டாம்."

"முடியாதே அங்கிள். இல்லைன்னு எழுதினா, ஆபீஸ்ல அதைப் பத்திப் பேச்சு இருந்ததுன்னு ஆயிடும். நாங்க வெளில எழுத்துல குடுக்கறது ஒரே காரணம்தான். எல்லா ஷோவுக்கும் அதுதான்."

பேப்பர் நாப்கினில் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தாள். கிரியேட்டிவ் டிசிஷன் என்று படித்துக் காட்டினாள். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். அப்படியென்றால் கேட்காதே என்று அர்த்தம் என்றாள். காபிக்கு அவளே கொடுத்தாள்.

வீட்டில் மனைவி நாப்கினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல சீலு எங்க?"

"சீலு இல்ல."

"காப்பிக் கறைதான் இருக்கு," என்றாள்.

இனி லைட்மேன்தான். அவர் சொல்லித்தான் பரவியது. அவரே இல்லை என்று சொன்னால் நிற்கும். அவர் வீடு எங்கள் சந்தில் இருந்து இரண்டு சந்து தள்ளி. டீக்கடை பெஞ்சில் இருந்தார்.

"நீரு சொன்னது தப்புன்னு எல்லாத்துக்கும் போன் போட்டுச் சொல்லும்," என்றேன்.

"நான் காமெடிக்குத்தானே அண்ணாச்சி சொன்னேன். அவனுங்க சீரியஸா எட்துக்கினானுங்க."

"அதையே அவங்ககிட்டயும் சொல்லும்."

"சொன்னா மட்டும் வுட்ருவானுங்களா? கத்தூ அண்ணா என்னாண்ட வந்து அழுதான்னுவானுங்க. இன்னும் அசிங்கம் உனக்கு."

"நான் எங்க அழுதேன்?"

"நீ அழுவல. அவனுங்க சொல்லுவானுங்க." டீயை ஆற்றினார். "ரெண்டு மாசமா நானும் வூட்லதான் குந்திக்கினு கீறேன், தெரியுமா?"

தெரியாது. கேட்கவும் இல்லை நான்.

"நீரு அத நம்புதீரா? உள்ளதச் சொல்லும்."

"நம்பல. ஆனா நீ ஒடைக்காம இருந்திருக்கலாம்ல?"

இரண்டு பேரும் டீ குடித்தோம்.

மழைக்காலம் முடிந்து மேனேஜர் கூப்பிட்டார். அதே சேனலுக்குப் புது சிரிப்பு சீரியல். டோம்பிவிலியில் ஒரே பிளாட்டில் தங்கி, தினமும் லோக்கல் ரயிலில் வேலைக்குப் போகிற நான்கு பேர் கதை. எல்லாம் சின்ன வயது ஆட்கள். சீனுக்கு ஒரு டிரெஸ். வேலை அதிகம், தெரிந்த ஆள் வேண்டும் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. "அண்ணா, நீ எதையும் உடைக்கக் கூடாது."

சரி என்றேன்.

ஸ்பாட் தாதாவும் அங்கே வந்திருந்தார். "ஆம்லெட் வேண்டுமென்றால் சொல், முட்டையை நானே உடைக்கிறேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

முதல் நாள் பூஜை. மேனேஜர் என் காதில், அது முடிகிறவரை டிரெஸ் ரூமிலேயே இரு என்றார். இருந்தேன். இஸ்திரி போட்டேன். கதாநாயகியாக நடிக்கிற பெண் தேங்காய் உடைத்தாள். சத்தம் கேட்டது. கைதட்டினார்கள். லைட்மேனுக்கும் அங்கேதான் வேலை கிடைத்திருந்தது. ஒரு தேங்காய்ச் சில்லோடு வந்தார்.

"எட்துக்க. ஒடைச்சது அந்தப் பொண்ணு. உனக்கு சம்பந்தம் இல்ல."

சாப்பிட்டேன்.

வியாழக்கிழமைகளில் மேனேஜர் முகம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டார். எனக்கு முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. நம்பர் டீக் ஹை என்றார்.

பல பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பிறகு, பூஜை அன்று நான் டிரெஸ் ரூமில் இருந்தது ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஒவ்வொருவராக அந்தக் கதாநாயகிப் பெண் பக்கம் திரும்பினார்கள். ஸ்பாட் தாதா வாயைத் திறந்தார்.

"அந்தப் பெண்ணை ஒன்றும் சொல்லாதே," என்று ஹிந்தியில் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். அந்த செட்டில் நான் சத்தமாகப் பேசியது அது ஒன்றுதான். ஸ்பாட் தாதா வாயை மூடிக்கொண்டார்.

சேனல் பெண்ணிடம் கேட்டேன். "இதுக்கு என்னம்மா காரணம்?"

"இன்னும் எழுதலை அங்கிள்," என்றாள்.

அடுத்த வாரம் வேறு ஒரு செட்டில் இருந்து போன் வந்தது. அங்கே டிரெஸ் பார்க்கிற பெரியவர். முன்னால் வேண்டாம் என்று சொன்ன மூன்று பேரில் ஒருவர். ஹிந்தியில் கேட்டார், இந்த சீரியலில் ஏதாவது உடைத்தாயா என்று.

"இல்லை."

"எத்தனை எபிசோட் ஓடியது?"

"முப்பத்தொன்பது."

முப்பத்தொன்பது என்று அவரும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"உடைத்தாயே, அது?"

எபிசோடுக்கு எபிசோட் டிரெஸ் எழுதி வைக்கிற என் ரிஜிஸ்டரைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. சொன்னேன்.

இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு.